கெட்டிக்காரி என்று சாட்சி சொன்னேன்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் வேலை. எனக்கு, நடந்து போகிற தூரத்தில் இருந்த ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மத்தியான வேலை. 'டின்னர் லேடி' என்பார்கள். பிள்ளைகள் சாப்பிடும்போது ஹாலில் நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும், சிந்தினால் துடைக்க வேண்டும், பிறகு மணி அடிக்கும்வரை மைதானத்தில் நின்று சண்டைகளை விலக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. லண்டனில் என்னைப் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்த முதல் மனிதர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி இல்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். எழுபதுகளில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்கு வந்தது. அங்கேதான் யாழ்ப்பாணத்தவரான என் கணவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். சண்டை முற்றிய பிறகு எண்பதுகளின் கடைசியில் இருவரும் லண்டன் வந்து சேர்ந்தோம். அகதி விண்ணப்பம் போட்டு வருடங்கள் ஆகியும் முடிவான பதில் வரவில்லை. கொஞ்சக் காலத்துக்கு இருக்கலாம் என்பார்கள், பிறகு நீட்டுவார்கள், மறுபடி காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் காத்திருப்பு எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி எங்களோடே குடியிருந்தது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சிறுமி வந்தாள். ஒன்பது வயதிருக்கும். செக் நாட்டிலிருந்து அகதியாக வந்த ரோமா குடும்பத்துப் பிள்ளை. ஜிப்சி என்று ஊரில் சொல்வார்களே, அவர்கள்தான். தங்களை அவர்கள் ரோமா என்று சொல்வார்கள். கறுத்த முடி, மாநிறம், பெரிய கண்கள். முதல் நாள் ஹாலில் அவளைப் பார்த்ததும் தமிழ்ப் பிள்ளை என்றே நினைத்து, "சாப்பாடு எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் விழித்தாள். பிறகு, கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொன்னாள். "எடுத்துட்டியாம்மா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

பின்னேரங்களில் அவளுடைய அம்மா கேட்டடியில் வந்து நிற்பாள். நீளப் பாவாடை, காதில் வளையம். மற்றப் பெற்றோர்கள் அவள் நின்றால் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அந்த நாட்களில் பேப்பர்களில் இவர்களைப் பற்றி மோசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் காசுக்காகக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், திருட வருகிறார்கள் என்றெல்லாம். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்ததைக் கண்ட ஒரு தமிழ்ப் பெண் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"உதுகளோட கனக்கக் கதைக்காதையும். குறவர் கூட்டம். கைப்பையைக் கவனமா வைச்சிரும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தொனி எனக்குப் பழக்கமானது. கல்யாணமான புதிதில் கணவரின் சொந்தக்காரர் ஒருவர், அடுத்த அறையில் நான் இருப்பது தெரியாமல், "தோட்டக்காட்டுப் பெட்டையைப் போய்க் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்" என்று சொன்னதும் இதே தொனியில்தான். நான் அந்தத் தமிழ்ப் பெண்ணை விட்டு நகர்ந்தேன். நேராக அந்த அம்மாவிடம் போய் நின்று, உன் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று கையைக் காட்டிச் சொன்னேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா என்னைத் தங்கள் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்சில் தற்காலிகமாகக் கொடுத்திருந்த ஒற்றை அறை. அம்மா, அப்பா, இந்த மகள். ஜன்னல் கண்ணாடி பளபளவென்று இருந்தது. மூலையில் விதவிதமான நிறங்களில் பிளாஸ்டிக் தொட்டிகள். பாத்திரம் கழுவ ஒன்று, முகம் கை கழுவ ஒன்று, துணிக்கு வேறு. துணியிலும் இடுப்புக்கு மேல் உடுப்பது தனி, கீழே உடுப்பது தனி. ஒன்றோடு ஒன்று சேர்த்தால் தீட்டு மாதிரி. எங்கள் வீட்டிலும் இப்படியெல்லாம் பார்த்துத்தானே வளர்ந்தோம் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அவளுக்கோ என்னைவிடக் குறைவு. மகள்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது அந்த அம்மா விரலை மடக்கித் தங்கள் மொழியில் ஒன்று, இரண்டு எண்ணிக் காட்டினாள். "யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ஜ்." சவுத்தாலில் வட இந்தியர்களின் கடைகளில் ஹிந்தியில் எண்ணுவதைக் கேட்டிருக்கிறேன். கிட்டத்தட்ட அதேதான். தண்ணீருக்குப் பானி. மனிதனுக்கு மனுஷ். நான் "மனுஷன்!" என்று கத்தியே விட்டேன். பல நூறு வருடங்களுக்கு முன்னால் இவர்களுடைய ஆட்கள் இந்தியப் பக்கத்திலிருந்து போனவர்களாம். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. "அங்கே எங்களைப் பார்த்து இந்தியாவுக்குப் போ என்று கத்துவார்கள்" என்று சொன்னாள்.

என் தோட்டத்துக் காலம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பாட்டனார்கள் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பதால் எங்களையும் அப்படித்தானே சொன்னார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடைய கதை தெரிந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அவள் கணவருடைய தாத்தாவின் சொந்தங்களை ஜெர்மன்காரர்கள் முகாமில் அடைத்துக் கொன்றிருக்கிறார்கள். மிஞ்சியவர்களை யுத்தத்துக்குப் பிறகு ஸ்லோவாக்கியாப் பக்கமிருந்து செக் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவள் கணவர் பிறந்ததே செக் பக்கத்தில்தான். ஆனால் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இரண்டாகப் பிரிந்தபோது, நீ ஸ்லோவாக்கியாக்காரன், குடியுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போடு என்றார்களாம். போட்டால், ஒரு காலத்தில் போலீஸ் வழக்கு இருந்தது என்று தட்டிக் கழித்தார்கள். என்ன வழக்கு? வேலை இல்லாமல் இருந்தது. பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் அங்கே அதுவே குற்றமாம். பிறந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரனாக வருடக்கணக்கில் அலைந்து, கடைசியில்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது.

நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஹட்டனில் பிறந்து, கொழும்பைக்கூட ஒழுங்காகப் பார்க்காத மனிதர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். வோட்டும் போனது. நாடற்றவர் என்று எங்களுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். சிறுமி இதைத் தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா எழுந்து வந்து என் முன்னால் நின்றார். நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் நாட்டை விட்டு வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தலையை மொட்டையடித்த இனவெறி இளைஞர் கூட்டம் ஒன்று டிராம் நிறுத்தத்தில் வைத்து அந்த அப்பாவை அடித்துப் போட்டது. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, விழுந்திருப்பாய் என்றது. மற்றக் காரணம் இந்தப் பிள்ளை. ஆறு வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது படங்களைக் காட்டிச் சோதனை வைத்திருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது ரோமானி. கேள்விகள் செக் மொழியில். பிள்ளை பாதிக்குப் பதில் சொல்லவில்லை. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஊரில் ரோமாப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தானாம். அங்கே உங்கள் பிள்ளைகளே நிறைய இருப்பார்கள், யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்று சொல்லவே, அம்மாவும் சம்மதித்துவிட்டாள். அங்கே படித்தால் பிறகு எந்த நல்ல படிப்புக்கும் போக வழியில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

எனக்கு நம்பவே முடியவில்லை. ஏனென்றால் நான் ஹாலில் தினமும் பார்த்த பிள்ளை வேறு. வந்து ஒரு வருடம் ஆவதற்குள் அவள் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினாள். கணக்கில் வகுப்பிலேயே முன்னால் நிற்கிறாள் என்று அவளுடைய டீச்சர் என்னிடமே சொன்னார். இன்னொன்றும் நடந்தது. அந்த வருடம் வவுனியாவிலிருந்து ஒரு சின்னத் தமிழ்ப் பிள்ளை வந்து சேர்ந்தாள். என்ன பார்த்திருந்தாளோ, வாயே திறக்க மாட்டாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இந்த ரோமாச் சிறுமி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் உட்கார்ந்தாள். நான் என்ன சொல்லிச் சின்னவளைச் சாப்பிட வைக்கிறேன் என்று கவனித்து, தானும் அதையே சொல்லத் தொடங்கினாள். சின்னவள் மெல்லப் பேச ஆரம்பித்தது அவளிடம்தான், அதுவும் தமிழில். விளையாட்டில் ஒருத்திக்கு இங்கிலீஷ் வந்தது, மற்றவளுக்குத் தமிழ் வந்தது. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகுதான் அந்தக் குடும்பத்தின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தார்கள். அவர்களுக்கு ஒரு வக்கீல் அம்மா இருந்தார். வெள்ளைக்காரி, எப்போதும் அவசரத்தில் இருப்பவர், ஆனால் நல்ல மனம். பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டது இனத்தை வைத்துத்தான் என்று காட்ட வேண்டும், அவள் சாதாரணப் பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்று நேரில் வந்து சொல்ல ஒருவர் வேண்டும் என்றார். டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் வகுப்பை விட்டு வர முடியவில்லை. சிறுமியின் அம்மா என்னைக் கை காட்டினாள்.

வீட்டில் சொன்னேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? எங்கட கேஸே இன்னும் முடியேல்லை. நீ இன்னொராளின்ர கேஸிலை போய் அரசாங்கத்துக்கு எதிரா நிக்கப் போறியோ?"

"எதிரா நிக்கலீங்க. பாத்ததைச் சொல்லப் போறேன்." இத்தனை வருடமாகியும் எனக்கு அவருடைய தமிழ் வராது. கோபம் வந்தால் தோட்டத்துப் பேச்சுத்தான் வரும்.

"அவங்கள் உன்ர பேரைக் குறிச்சு வைப்பாங்கள்."

"வைக்கட்டுங்க. நம்ம வழக்குக்கு ஒரு பாதிரியார் வந்து சாட்சி சொன்னாருல்ல? அவருக்கு நம்மள முன்னப் பின்னத் தெரியுமா?"

அவர் கோப்பையை எடுத்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார். ஆனால் அந்த நாள் வந்தபோது, ஷிப்டை மாற்றிக்கொண்டு அவரும் வெளிக்கிட்டு நின்றார். "தனியப் போகாதை, நானும் வாறன்" என்றார்.

விசாரணை நடந்த இடம் மேற்கே, ஹவுன்ஸ்லோ பக்கம். லண்டனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. கோர்ட் என்று பயந்துகொண்டு போனால், சாதாரண ஆபீஸ் அறை. நீள மேசை, தண்ணீர்க் குவளைகள். தீர்ப்புச் சொல்கிறவர் வயதானவர், கண்ணாடி போட்டவர், மரியாதையாகப் பேசினார். அரசாங்கத் தரப்பில் பேச ஓர் இளைஞர் வந்திருந்தார். செக் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். தலைக்கு மேலே விமானங்கள் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் முறை வந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னேன். அரசாங்கத் தரப்பு இளைஞர் எழுந்தார்.

"அப்படியானால் நீங்கள் ஆசிரியர் இல்லை?"

"இல்லை, சார்."

"உளவியல் நிபுணரும் இல்லை. ஒரு பிள்ளையின் அறிவைப் பற்றி எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருடைய வேலையைச் செய்தார். ஆனாலும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் கணவர் பின்னால் இருப்பது ஞாபகத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்:

"சார், இந்தப் பிள்ளை என் மொழி பேசுகிறாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை."

தீர்ப்புச் சொல்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் மொழியா?"

"தமிழ், சார். சாப்பாட்டு ஹாலில் ஒரு சின்னப் பிள்ளையிடமிருந்து பிடித்துக்கொண்டாள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இங்கே அவளிடம் ஏதாவது கேளுங்கள் என்றார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, இறுக்கப் பின்னிய இரட்டைப் பின்னல். "இன்னைக்கு எப்படிம்மா வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். "ரயில்ல வந்தனாங்கள், மிஸ். அம்மாவுக்கு நல்லாப் பயம். எனக்குப் பயமில்லை" என்றாள். அசல் வவுனியாப் பிள்ளையின் பேச்சு.

பின்னாலிருந்து என் கணவர் தன்னையறியாமல் "எட!" என்றார். செக் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து திறந்து மூடினார், அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. என்ன சொன்னாய் என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவளிடமே கேட்டார். அவள் அதையே இங்கிலீஷில் சொன்னாள். அந்த அரசாங்கத் தரப்பு இளைஞர்கூடச் சிரித்துவிட்டார். அறையே ஒரு நிமிடம் லேசானது. வக்கீல் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் அந்த அம்மா என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. என் கணவர் அந்த அப்பாவிடம் இங்கிலீஷும் சைகையுமாகக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வென்றுவிட்டோம் என்றே எல்லோரும் நினைத்தோம்.

சில வாரங்கள் கழித்து, முடிவு வந்துவிட்டது, வாருங்கள் என்று வக்கீல் அம்மா கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அவருடைய முகத்தைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு, தன் மேசையையே பார்த்துக்கொண்டு நிதானமாக விளக்கினார்.

அந்தக் குடும்பம் சொன்னது எல்லாவற்றையும் தீர்ப்புச் சொல்கிறவர் நம்பியிருக்கிறார். அடித்தது உண்மை, குடியுரிமைக்கு அலைந்தது உண்மை. பாரபட்சம் நடந்திருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் பாரபட்சம் வேறு, அகதிச் சட்டம் சொல்லும் கொடுமை வேறு. அங்கேயும் போலீஸும் கோர்ட்டும் இருக்கின்றன, அங்கே போய்க் கேட்கலாம். அப்புறம் பிள்ளையின் விஷயம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் அந்த நாட்டில் யாரையும் அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில்லை. அம்மா சம்மதித்திருக்கிறாள். இனிமேல் சம்மதிக்காமல் விட்டால் போதும். மேலும்...

அந்த இடத்தில் வக்கீல் அம்மா நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீங்கள் இதை உங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

மேலும், இந்தப் பிள்ளை அசாதாரணமான கெட்டிக்காரி என்பது விசாரணையில் நேரிலேயே தெரிந்தது. புது நாட்டில், புது மொழியில், இவ்வளவு சீக்கிரம் பிழைத்துக்கொள்கிற பிள்ளைக்குத் தன் சொந்த நாட்டில் திரும்பப் பொருந்திக்கொள்வது கஷ்டமாக இருக்காது. இப்படிப்பட்ட திறமை எந்த ஆசிரியரின் கண்ணிலிருந்தும் தப்பாது.

சாட்சியத்தில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த உண்மையை வைத்தே கதவைச் சாத்தியிருந்தார்கள்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அந்த அம்மா, என்ன சொல்கிறார்கள் என்று மகளைத்தான் கேட்டாள். மகள் சொன்னாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல, ஒவ்வொரு வரியாக ரோமானியில் தன் அம்மாவுக்குச் சொன்னாள். கடைசி வரியில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. தெளிவான, லண்டன் பிள்ளையின் இங்கிலீஷில் கேட்டாள்:

"மிஸ், நான் மக்கு மாதிரி இருந்திருக்க வேண்டுமா?"

வக்கீல் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் இல்லையம்மா, இல்லையம்மா என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அதற்கு மேலே போய் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். அதுவும் சரிவரவில்லை. போக வேண்டிய நாளைக் குறித்துவிட்டார்கள். போவதற்கு முந்தின நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டீச்சர் அவளுடைய கணக்குக் கொப்பிகளையும் எழுதிய கதைகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அங்கே போய்ப் புது டீச்சருக்குக் காட்டு, பிறகு அவர்கள் உன்னைச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்றார். டீச்சர் அதை நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் அந்த அம்மா கேட்டடியில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் மேல் அவளுக்குத் துளிக் கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷைச் சேர்த்து எடுத்து, "அங்கே, ஆபீஸ், போலீஸ், எல்லா இடத்திலும் நாங்கள் மட்டும். இங்கே நீ வந்தாய்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு அழுதேன். தள்ளி நின்ற மற்றப் பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பு என்னை எச்சரித்த அந்தத் தமிழ்ப் பெண்ணும் நின்றாள். அவள் மெல்ல வந்து, தன் பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பெட்டியைச் சிறுமியின் பையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஹாலில் அவளுடைய இடத்தில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வவுனியாப் பிள்ளை நன்றாகப் பேசப் பழகிவிட்டாள், அவளுக்குப் புதுச் சிநேகிதிகள் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான். அப்படி இருப்பதுதான் நல்லது.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் போன் அடித்தது. கணவர் எடுத்தார். "இஞ்சை, உன்ர பிள்ளை!" என்று கத்தினார். ஓடிப்போய் வாங்கினேன். தெருவில் இருக்கிற போன் போலிருந்தது, பின்னால் வாகனச் சத்தம். இங்கிலீஷில்தான் பேசினாள். முதலிலேயே கேட்டுவிட்டேன், எந்தப் பள்ளிக்கூடம் என்று.

"பழைய பள்ளிக்கூடம்தான், மிஸ்."

"கொப்பிகளைக் காட்டினாயா?"

"காட்டினேன். சாதாரணப் பள்ளிக்கூடத்தில், இது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். இங்கிலீஷ் இங்கே தேவையில்லை, செக் மொழியில்தான் சோதனை என்றார்கள். நான் மறந்த சொற்கள் நிறைய இருந்தன. இடம் இல்லை என்றார்கள். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். வேறு பள்ளிக்கூடம் எதுவும் எடுக்கவில்லை."

"இப்போது என்ன படிக்கிறாய்?"

"பத்துக்குள் கூட்டல்."

அவள்தான் என்னைத் தேற்றுவது போல, "பரவாயில்லை, மிஸ். நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தமிழில், "நீங்கள் சாப்பிட்டனீங்களா?" என்று கேட்டாள். ஓமம்மா, சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அவள் எங்கிருந்து பேசினாள் என்று கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. வக்கீல் அம்மா மூலம் விசாரித்தேன். அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதாக மட்டும் தெரிந்தது. அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அன்று போனை வைத்துவிட்டு நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன்னைப் போக வேண்டாமெண்டு நான் சொன்னது எங்களுக்காக. அந்தப் பிள்ளைக்கு இப்பிடி வருமெண்டு நானும் நினைக்கேல்லை" என்றார்.

கொஞ்சக் காலத்தில் எங்களுக்கு நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள், நான் கேசரி கிண்டினேன். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் குண்டு விழுந்தது, அதை டீவியில் காட்டினார்கள். அதனால் எங்கள் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பிள்ளையின் ஊரில் குண்டு விழவில்லை. ஒரு நல்ல பள்ளிக்கூடத்தின் கதவு, சத்தமில்லாமல் சாத்தப்பட்டது, அவ்வளவுதான். அதைக் காயம் என்று காட்டுவதற்கு இரத்தம் வரவில்லையே.

நான் அன்று வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவள் தடுமாறினாள், பயந்தாள், அழுதாள் என்று சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்பார்களோ? ஆனால் பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் பொய். அவளைப் பற்றி ஓர் உண்மையையாவது ஒருவர் சபையில் எழுந்து சொல்ல வேண்டாமா? வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைத்தும் மனம் ஆறவில்லை.

இன்றும் யாராவது தங்கள் பெண்பிள்ளையைக் காட்டி, இவள் நல்ல கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லும்போது, எல்லோரும் சிரிக்கிற அந்த நேரத்தில் எனக்கு மட்டும் ஒரு கணம் நெஞ்சு பதறுகிறது.